எதையும் அழுத்தாத அழைப்பு

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் எங்கள் அலுவலகத் தொலைபேசிப் பெட்டி இடி விழுந்து கருகியது. கட்டடத்தின் மேல் விழவில்லை. தெருக்கம்பத்திலிருந்து வரும் செப்புக் கம்பி வழியாக உள்ளே வந்து, சுவரில் மாட்டியிருந்த எக்ஸ்சேஞ்ச் பெட்டியை மட்டும் பொசுக்கிவிட்டுப் போயிருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் எரிந்த பிளாஸ்டிக் வாடை அடித்தது. அந்தப் பெட்டி பிழைத்திருந்தால் நான் வேறு மாதிரி ஒரு மனிதனாக இருந்திருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன். அப்படி நினைப்பதுகூட ஒரு தப்பித்தல்தான்.

எங்கள் அலுவலகம் முதலியார்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. படுக்கையில் விழுந்துவிட்ட வயதானவர்களைக் கவனித்துக்கொள்ள வீடுகளுக்குப் பெண்களை அனுப்புவதுதான் எங்கள் தொழில். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் பாதி வீடுகளில் பிள்ளைகள் பிரான்சில் இருப்பார்கள். அப்பா அம்மா இங்கே இருப்பார்கள். நடுவில் இருந்தது நாங்கள். எங்களுக்கு எல்லாமே போன்தான்.

முதலாளியை பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் குடும்பம் தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்தது. தன் தாயார் படுத்துவிட்டபோது பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் அவர் பட்ட பாட்டில் பிறந்ததுதான் இந்த அலுவலகம். நல்ல மனிதர். நடந்ததை எழுதும்போது அவரைக் குற்றவாளியாக்கிவிட்டு நான் நழுவிக்கொள்ளக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

நான் இதே ஊரில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரிகல் பராமரிப்பில் இருந்தவன். கம்பெனியை மூடியதும் இங்கே வந்தேன். பெயருக்கு மேனேஜர். பல்பு மாற்றுவதிலிருந்து வருகைப் பதிவேடு வரை எல்லாம் நான்தான்.

முன்மேசையில் போன் எடுப்பது நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண்மணி. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். குருசுக்குப்பத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர், கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தார். பார்வையற்றோர் பள்ளியில் படித்து, டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி முடித்து, அலுவலகம் தொடங்கிய வருஷமே வேலைக்கு வந்தவர். போன் எடுத்தால் எதிர்முனை பேச ஆரம்பிக்கும் முன் விடும் மூச்சிலேயே யாரென்று சொல்லிவிடுவார். காலை ஒன்பது மணிக்கு அவரே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "பொண்ணு வந்துட்டாளா? சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். அது அவருக்குக் கொடுத்த வேலை இல்லை. அவராகவே வைத்துக்கொண்ட பழக்கம். அந்த ஒன்பது மணிப் பேச்சு எத்தனை விபத்துகளைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நடக்காமல் போன விபத்தை யார் குறித்து வைப்பார்கள்?

பெட்டி கருகிய அன்று பாய் என்னைக் கூப்பிட்டார்.

"மறுபடியும் அதே மாதிரி பெட்டி வாங்கறதுக்கு இப்ப வசதி இல்ல சார். இன்டர்நெட்லயே போன் பேசற மாதிரி ஏதோ சல்லிசா வந்திருக்காமே. அது நம்மளுக்கு ஆவுமா?"

"பாத்துட்டு சொல்றேன் பாய்."

கம்பெனி மூடியதிலிருந்து என் கைக்கு ஒழுங்கான வேலை கிடைத்திருக்கவில்லை. அடுத்த மூன்று வாரமும் கல்யாணம் நிச்சயமானவன் மாதிரி இருந்தேன். வீட்டில் வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். அலுவலக மூலையில் கிடந்த பழைய கணினியைத் துடைத்து, காசு கொடுக்க வேண்டாத ஒரு மென்பொருளை ஏற்றி, அதையே எக்ஸ்சேஞ்சாக மாற்றினேன். இணையத்தில் பேசும் போன்கள் நான்கை, யாரோ அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு விற்றவற்றை, சென்னையிலிருந்து வரவழைத்தேன். மின்சாரம் போனாலும் ஓடும்படி இன்வர்ட்டரில் இணைத்தேன். எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் என்று நான் நினைத்தது வேறு. பன்னிரண்டு வருஷமாக ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்த பழைய எண்ணை நான் விடவில்லை. அதில் யார் கூப்பிட்டாலும் அழைப்பு தானாகப் புதிய எண்ணுக்கு வந்து சேரும்படி செய்தேன். யாரும் புது எண்ணைத் தேட வேண்டாம், வயசானவர்களுக்குக் குழப்பம் வரக் கூடாது என்று பாயிடம் பெருமையாகச் சொன்னேன்.

முதல் மணி அடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

கூப்பிடுகிறவர்களை வரவேற்க ஒரு குரல் வேண்டும். புதிதாக ஆள் கேட்பவர்கள் ஒன்று, வேலைக்குப் போகும் பெண்கள் இரண்டு, வெளிநாட்டிலிருந்து பேசும் பிள்ளைகள் மூன்று என்று அழுத்தச் சொல்ல வேண்டும். அக்கா குரலை விட்டால் வேறு எந்தக் குரல்? மதியம் சாப்பாட்டு நேரத்தில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அவரைப் பேச வைத்தேன். இரண்டு முறை பேசினார். அறிவிப்பு மாதிரி விறைப்பாக வந்தது.

"யார்கிட்ட பேசறேன்னு நெனச்சிக்கிட்டு பேசணும் தம்பி?" என்று கேட்டார். "ஆள் இல்லாம எனக்குப் பேச வரல."

"உங்களுக்குப் புடிச்சவங்க யாரையாவது நெனச்சிக்குங்க."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப முசியேவ நெனச்சிக்கறேன். அவருதான் நம்ம சொல்றத முழுசாக் கேப்பாரு."

முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்று அவர் சொன்னது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை. கப்ஸ் கோயில் என்னும் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடி வீட்டில், படுத்த படுக்கையான மனைவியோடு இருந்தார். எண்பது தாண்டியவர். காது சரியாகக் கேட்காது, முழங்காலும் போய்விட்டது. ஒரே மகள், பிரான்சில். மனைவியை மதாம் என்றுதான் சொல்வார். அக்கா போடும் ஒன்பது மணிப் போனில் தினமும் ஐந்து நிமிஷமாவது பேசுவார். கேஸ் வரவில்லை என்றாலும், ஃபேன் ஓடவில்லை என்றாலும், எங்களைத்தான் கூப்பிடுவார். அக்கா யாரையாவது பிடித்து அனுப்பிவைப்பார்.

மூன்றாவது முறை பேசியது சரியாக வந்தது. "வணக்கம், சொல்லுங்க" என்று சிரிப்போடு ஆரம்பித்தது. அந்த 'சொல்லுங்க' என்னும் சொல்லை நான் வெட்டியிருக்கலாம். நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

புது போனின் பொத்தான்கள் தட்டையானவை. ஐந்தாம் எண் மேல் நகப்பூச்சில் ஒரு துளி வைத்துக் காய விட்டேன். அதைத் தடவித் தடவி அக்கா இரண்டே நாளில் பழகிக்கொண்டார். எந்த எண்ணையும் அழுத்தாமல் ஒருவர் காத்திருந்தால் அந்த அழைப்பு முன்மேசைக்குப் போகும், அங்கேயும் எடுக்காவிட்டால் செய்தியாகப் பதிவாகும் என்று அமைத்திருந்தேன். வயசானவர்கள் எண்ணை அழுத்த மாட்டார்கள், அவர்களுக்கு அக்கா இருக்கிறார் என்பதுதான் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். பாய் என் மேசைக்கு வந்து நின்றார்.

"பாதி போன் தானாவே அவங்கவங்களுக்குப் போயிடுது இல்ல சார்?"

"ஆமாம் பாய்."

"முன்மேசைக்கு ஆள் இல்லாமலே ஓடுமா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அந்த மாதம் இரண்டு வீடுகள் எங்களை விட்டுப் போயிருந்தன. அவருக்கு நெருக்கடி. ஆனாலும் நான் "ஓடாது பாய், அக்கா வேணும்" என்று சொல்லியிருந்தால் சரி என்று போயிருப்பார். அதைக் கேட்கத்தான் வந்தாரோ என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் அன்று என் காதில் விழுந்தது வேறு கேள்வி. என் யந்திரம் முழுசானதா, இல்லையா என்று அவர் கேட்பதாகத்தான் எனக்குப் பட்டது.

"ஓடும் பாய்," என்றேன். "தாராளமா ஓடும்."

மாதக் கடைசியில் அக்காவை உள்ளே கூப்பிட்டுப் பாய் பேசினார். வேறு இடத்தில் சொல்லி வைப்பதாகச் சொன்னாராம். அக்கா வெளியே வந்து மேசை இழுப்பறையிலிருந்து கைக்குட்டை, தைலப்புட்டி, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பையில் வைத்தார். அழவில்லை. மாடிப்படி வரை நான் கூடவே போனேன்.

"என் குரலு அதுல அப்படியே இருக்குமா தம்பி?"

"வேற பதியற வரைக்கும் இருக்கட்டும்க்கா."

"சரி," என்றார். கைப்பிடியைப் பிடித்து, எண்ணி எண்ணி இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே முன்மேசைப் போனைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். மேசையையும் பதிவேடு வைக்க எடுத்துக்கொண்டோம். அழுத்தாதவர்களின் அழைப்பு போக வேண்டிய இடத்தை மாற்ற வேண்டும் என்பது என் மண்டையில் உதிக்கவே இல்லை. யந்திரத்தில் ஒரே ஒரு வரி அது. என் போனுக்குத் திருப்பியிருந்தால் போதும். பதிவாகும் செய்திகளைக் கேட்கும் வேலையையும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

அதற்குப் பத்து பதினைந்து நாள் கழித்து, ஒரு வேலை நாளில் நடந்தது இது.

முசியே வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு ஜுரம். காலையிலேயே கூப்பிட்டு, இரண்டை அழுத்தி, வர முடியாது என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டாள். நான் பதிவேட்டில் குறித்துக்கொண்டேன். மாற்று ஆள் மதியம்தான் கிடைத்தாள், அனுப்பினேன். இடையில் முசியேவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது அக்காவின் பழக்கம். பழக்கத்தை எந்தப் பட்டியலிலும் நாங்கள் எழுதி வைத்திருக்கவில்லை.

இரண்டு மணிக்கு மேல் அந்த மாற்றுப் பெண் பேசினாள். "சார், அம்மா கீழ கெடக்கறாங்க. ஐயா பக்கத்துல தரையில குந்திக்கிட்டு இருக்காரு. காலைல இருந்தே இப்படியாம். துணியெல்லாம் நனைஞ்சிருக்கு. சீக்கிரம் வண்டி அனுப்புங்க."

வண்டியோடு நானே போனேன். மதாமின் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தூக்கும்போது கத்தக்கூட அவருக்குத் தெம்பில்லை. முசியே என் பக்கம் திரும்பவே இல்லை. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அலுவலகம் திரும்பினேன். அவர் ஏன் நம்மைக் கூப்பிடவில்லை என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன். கொஞ்சம் கோபமாகக்கூட.

சாயங்காலம் கணினியில் அழைப்புப் பதிவைத் திறந்து பார்த்தேன். அன்றைய தேதியில் அவர் எண் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றுக்கும் நேராக ஒரே குறிப்புதான். எண் எதையும் அழுத்தவில்லை, முன்மேசை பதில் இல்லை, செய்தி பதிவானது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

முதல் செய்தி ஒன்பதரை மணிக்கு. "அலோ... நான்தாம்மா. இன்னா நம்பரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க? பொண்ணு இன்னும் வரல. கேட்டு சொல்லு." அப்புறம் மௌனம். அவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். "சரி, கேட்டு சொல்லு. மெர்சி." பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டாவது பத்தே முக்காலுக்கு. மூச்சு வாங்கியது. "மதாம் விழுந்துட்டா. கட்டில்ல இருந்து எறங்கப் பாத்திருக்கா, நான் பாக்கல. என்னால தூக்க முடியலம்மா. கீழ் வீட்ல யாரும் இல்ல, வேலைக்குப் போயிட்டாங்க. யாரையாவது அனுப்பு." மௌனம். "கேக்குதா? இருக்கியா?" மறுபடி மௌனம். "இருக்கன்னு தெரியுது. இப்பதான பேசின. ஏம்மா பேச மாட்டேங்கற?"

மூன்றாவது பன்னிரண்டு மணிக்கு. வெகு நேரம் ஒன்றுமே இல்லை. தூரத்தில் ஒரு பெண் முனகும் சத்தம் மட்டும். பிறகு அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "என் மேல கோவமாம்மா?"

ஹெட்போனைக் கழற்றினேன். பக்கத்து அறையில் யாரோ ஒரு வீட்டுக்குச் சம்பள விவரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்துபோய் அந்தக் கணினியின் முன் நின்றேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கோளாறு என்று எதையும் காட்ட முடியாது. ஒவ்வொரு கட்டளையையும் அது நான் சொன்னபடியே செய்திருந்தது.

முதலில் அந்த ஒரு வரியை மாற்றினேன். பிறகு அக்காவின் குரலை எடுத்துவிட்டு, எந்த எண்ணும் கேட்காமல் எல்லா அழைப்பும் நேராக எங்கள் போன்களில் ஒன்றாக அடிக்கும்படி செய்தேன். இரண்டு நிமிஷ வேலை. இரண்டு நிமிஷ வேலைதான் என்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பாயிடம் சொன்னேன். கேட்க வேண்டும் என்றார். ஹெட்போனைக் கொடுத்தேன். இரண்டாவது செய்தி முடியும் முன்னே கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் கேட்டிருக்கக் கூடாது சார்," என்றார். எதைக் கேட்டிருக்கக் கூடாது என்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"நான் சொல்லியிருக்கக் கூடாது பாய்."

அவர் ஹெட்போனை என் பக்கம் தள்ளினார். "அத அழிச்சிடுங்க. வெச்சிக்கிட்டு இன்னா பண்ணப்போறோம்" என்று மட்டும் சொன்னார். அழித்தேன். அவர் சொல்லித்தான் அழித்தேன் என்று சொல்ல முடியாது. எனக்கும் அழிக்க வேண்டியிருந்தது.

மதாமுக்கு ஆபரேஷன் செய்யும் நிலை இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நெஞ்சில் சளி கட்டியது. மகள் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்த இரண்டாம் நாள் மதாம் இறந்துபோனார்.

அடக்கத்துக்கு நானும் பாயும் போனோம். கல்லறைத் தோட்டத்தில் முசியே சக்கர நாற்காலியில் இருந்தார். மகள் என்னைப் பார்த்து, "அப்பா உங்க ஆபீஸுக்கு மூணு வாட்டி போன் பண்ணேன்னு சொல்றாரு. ஒரு பொண்ணு எடுத்ததாம். கேட்டுக்கிட்டே இருந்துச்சாம், ஒண்ணும் செய்யலியாம். யாரு அது?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"லைன்ல ஏதோ..." என்று ஆரம்பித்தேன். பாய் என் கையைப் பிடித்தார். நிறுத்தச் சொல்கிறாரா, முழுசாகச் சொல்லச் சொல்கிறாரா, தெரியவில்லை. நான் நிறுத்திவிட்டேன்.

அடுத்த வாரம் அக்காவின் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். வெயிலில் கருத்த, அதிகம் பேசாத மனிதர். நின்றபடியே சொன்னார்: "கோயில்ல வெச்சி நாலு பேரு கேக்கறாங்க சார். உன் தங்கச்சி போன எடுத்து வெச்சிக்கிட்டு ஒரு கெழவிய சாவ உட்டுட்டாளாமேன்னு. அவ அங்க வேலைய உட்டு நின்னே எத்தினியோ நாளாவுதே. எங்களுக்கு ஒண்ணும் புரியல. அவ சாப்பிடாம கெடக்கறா. இன்னா நடந்துச்சின்னு நீங்க வந்து சொல்லுங்க."

அவரோடேயே வண்டியில் போனேன். கடலை ஒட்டிய சந்தில் இரண்டு அறை வீடு. அக்கா சுவரோரம் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே, "வா தம்பி" என்றார்.

நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கேட்டதையும், நான் ஓடும் என்று சொன்னதையும், முன்மேசைப் போனைக் கழற்றியதையும், அந்த வரியை மறந்ததையும். ஒன்றைக்கூட விடவில்லை. முசியே என்ன பேசினார் என்றும் அக்கா கேட்டார். சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன். "சொல்லு" என்றார். சொன்னேன்.

கேட்டுவிட்டுப் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவர நெனச்சிக்கிட்டுதான தம்பி நான் பேசினேன்," என்றார்.

தலைப்பை விட்டுவிட்டு என் பக்கம் நிமிர்ந்தார்.

"என்ன அவர்கிட்ட இட்டுக்கினு போ. நான் சொன்னா நம்புவாரு."

மறுநாள் காலை அவரை ஆட்டோவில் அழைத்துப்போனேன். மாடி ஏறும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மகள் கதவைத் திறந்தார். முசியே ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். நான் முன்னால் போய்க் குனிந்து, அவர் காதருகில், அது பதிவு செய்த குரல், யந்திரம் பேசியது, தவறு என்னுடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மகள் பிரெஞ்சில் திரும்பச் சொன்னார். மகளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்ப்பதை அவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

முசியே தலையை ஆட்டினார். "மெஷினா? அவ குரலு எனக்குத் தெரியாதா? சிரிச்சிக்கிட்டே 'சொல்லுங்க'ன்னா. நான் சொன்னேன்."

அப்போது அக்கா கதவருகில் நின்றபடி பேசினார். "முசியே, நான்தான் வந்திருக்கேன். அன்னிக்கி நான் அங்க இல்ல. சத்தியமா நான் இல்ல."

அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. பல நாள் கழித்து உயிரோடு கேட்கும் அந்தக் குரலில் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். நம்பிவிடுவார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"இப்ப பேசறியே," என்றார் மெதுவாக. "அன்னிக்கி ஒரு வார்த்த பேசியிருக்கலாமே."

அக்கா இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது கேட்காததாலா, கேட்க விரும்பாததாலா, எனக்குத் தெரியாது. மகள் எங்களைப் படி வரை கொண்டுவந்து விட்டார். "அவருக்குப் புரிய வெக்க முடியாதுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். அக்காவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டு உள்ளே போனார்.

அதே ஆட்டோவில் அக்காவைத் திரும்ப அழைத்துப்போனேன். குருசுக்குப்பத்தில் இறங்கியதும், பாய் திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறார் என்பதைச் சொன்னேன். உண்மைதான். பாய் அதை என்னிடம் சொல்லி மூன்று நாள் ஆகியிருந்தது. அதே மேசை, அதே சம்பளம்.

"வேணாம் தம்பி."

"யோசிச்சி சொல்லுங்கக்கா."

"யோசிச்சாச்சி. ஒருத்தர் வெறுமன மூச்சு உட்டாக்கூட எனக்கு அவருதான்னு தோணும். அந்த வேல இனிமே எனக்கு வராது."

வற்புறுத்த எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலை. அதை அவரிடமிருந்து இரண்டு முறை பிடுங்கியது நான். முதல் முறை சம்பளத்தை. இரண்டாம் முறை எதை என்று எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒருமுறை போனேன். அவருடைய அண்ணி வாசலிலேயே நிறுத்தி, "தூங்கறாங்க" என்றார். காலை பதினோரு மணி. திரும்பி வந்துவிட்டேன். பிறகு போகவில்லை.

பாயிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். "நீங்க போயிட்டா நான் மட்டும் இங்க உக்காந்து இத நெனச்சிக்கிட்டு இருக்கணுமா?" என்றார். அதனால் இருக்கிறேன். வேறு எங்கே போவது என்றும் தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்கு நானே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுகிறேன். பொண்ணு வந்தாச்சா, சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன். எல்லோரும் மரியாதையாக, சுருக்கமாகப் பதில் சொல்லி வைத்துவிடுகிறார்கள். ஐந்து நிமிஷம் என்னோடு பேச ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

சென்ற மாதம் மேட்டுப்பாளையத்தில் பழைய கம்பெனி நண்பர் ஒருவர் கூப்பிட்டார். அவர் வேலை செய்யும் இடத்திலும் சல்லிசாக இந்த மாதிரி போன் போட வேண்டுமாம், நான் வந்து செய்து கொடுப்பேனா என்று கேட்டார். அந்த வேலையை விட்டுவிட்டேன் என்றேன். உடம்பு சரியில்லையா என்றார். ஆமாம் என்றேன்.

மகள் முசியேவைத் தன்னோடு பிரான்சுக்கு அழைத்துப்போய்விட்டார். வீட்டைக் காலி செய்வதாக அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தார். நாங்கள் மதாமுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்த இரும்புக் கட்டில் அங்கேயே இருந்தது. அதை எடுத்துவர லோடு வண்டிக்காரரோடு நான்தான் போனேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டார். அறையில் வேறு ஒரு பொருளும் இல்லை. படுத்திருப்பவர் விழாமல் தடுக்கும் கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியைத் தூக்கி மாட்டிப் பார்த்தேன். கொக்கி சரியாகப் பிடிக்கவில்லை, லேசாகத் தள்ளினால் கீழே இறங்கியது. மதாம் இறங்கப் பார்த்தாரா, கம்பி இறங்கி விழுந்தாரா, இனி யாரைக் கேட்பது. வண்டிக்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துக் குறுகலான படியில் சாய்த்துச் சாய்த்து இறக்கினோம். சுவரில் இரண்டு இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்தது.

அலுவலகத்துக்குக் கீழே வைத்துப் பினாயில் போட்டுக் கழுவி, கொக்கியை மாற்றினேன். லாஸ்பேட்டையில் ஒரு அம்மாவுக்குக் கட்டில் கேட்டிருந்தார்கள். வெயிலில் காய்ந்ததும் அங்கே அனுப்பிவைத்தோம்.